உதிரிக்கு வாங்கியது

எங்கள் சவுனாவில் இப்போது யாருக்கும் வியர்ப்பதில்லை.
மேல்பலகையில் இரண்டு ஹஸ்க்வர்னா,
கீழ்ப்பலகையில் ஒரு டிக்கா,
தண்ணீர் வாளி இருந்த இடத்தில்
மிதிகட்டை இல்லாத சிங்கர்.

பதினான்கு என்கிறாள் ஐலா.
எண்ணினேன், பதினைந்து.
"அது உதிரிக்கு வாங்கினது,
கணக்கில் சேராது."

ரௌமாவில் எந்த வீட்டில் சாவென்றாலும்
பூவோடு போய்
பெட்டியோடு திரும்புகிறவள்.
பனியில் சறுக்குவண்டியை இழுப்பது நான்.
என் இடுப்புக்கு எழுபத்தொன்று,
சிங்கருக்கு நூற்றுப்பத்து.
எண்ணெய் அதற்கு மட்டும்.

இத்தனைக்கும் என் கால்சட்டை விளிம்பு
மூன்று குளிர்காலமாய் ஊக்கில் நிற்கிறது.

ஏன் ஒன்றிலும் தைப்பதில்லை என்றேன்.
பாபின் உறையைக் கழற்றிக் காட்டினாள்:
பாதி தீர்ந்த பச்சை நூல்.
அடுத்ததில் காக்கி.
இன்னொன்றில் வெள்ளை நூலோடு
யாருடையதோ ஒரு நரைமுடியும் சுற்றியிருந்தது.
"எழுந்து போனவங்க
காபி குடிச்சிட்டு வந்துருவாங்க போல இருக்கு."
மூடி வைத்துவிட்டாள்.

நவம்பரில் புதிதாக ஒன்று வந்தது, கடையிலிருந்தே.
தொடுதிரை, எழுநூறு வகைத் தையல்.
பாபின் காலி.
ஐலா அதன் முன் நின்றாள்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.
இரண்டு நாள் அதைத் தொடவில்லை.

அவள் தூங்கிய பிறகு
கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டேன்.
மொழியைத் தேர்ந்தெடு என்றது; எடுத்தேன்.
கறுப்பு நூலைக் கோத்தேன்.
தையல் கோணிக்கொண்டு
முழங்கால் பக்கம் ஏறிற்று, போகட்டும்.

விளிம்புக்கு நாலு கஜம் போதும்.
பாபின் நிறையச் சுற்றியிருந்தேன்.