உடுக்குறி

பதினோராம் வார்டு. மலைச்சரிவில் நான்கு தெரு,
மூடிய சுரங்கத்தின் மண்மேட்டில் புல்,
ஒரு பள்ளி, ஒரு சலவைக்கடை,
வெல்ஷ் பாதி உதிர்ந்த பெயர்ப்பலகை.
கவுன்சில் எனக்கு இட்ட வேலை:
இங்கே எத்தனை பிள்ளைகள் ஏழைகள் என்று சொல்.

ஒரு கோடு இருக்கிறது.
நாட்டின் வீடுகளை எல்லாம் வரிசையில் நிறுத்தி
நடுவில் நிற்கும் வீட்டின் வரவை நூறாக்கி
அறுபதில் கிழித்த கோடு.
மெரெடித் வீடு கோட்டுக்கு மேலே,
வாரம் இரண்டு பவுண்டு மேலே.
மீட்டரில் போட்டால் ஒரு மாலைக் குளியல் வரும்,
மூன்று பிள்ளைகளும் ஒரே தண்ணீரில்.

போன வருஷம் ஏழ்மை குறைந்தது என்று எழுதினேன்.
யார் கையிலும் காசு கூடவில்லை.
நாடே கொஞ்சம் சறுக்கியதில்
நடுவீடு இறங்கியது, கோடும் கூடவே இறங்கியது,
நின்ற இடத்தில் நின்றபடியே
நாற்பது பிள்ளைகள் கரையேறிவிட்டார்கள்.
அலுவலகத்தில் கேக் வெட்டினோம்.
நானும் ஒரு துண்டு தின்றேன்.

இந்த முறை நடந்தே போனேன்.
பள்ளிச் சமையலறையில் டெலித் சொன்னாள்:
திங்கட்கிழமை வந்து ரொட்டியை எண்ணு.
வெள்ளிக்குத் தீர்வதைப்போல் இரண்டு மடங்கு தீரும்.
சனி ஞாயிறு என்றால் அதுதான்.
எண்ணினேன். அவள் சொன்னது சரி.
என் படிவத்தில் திங்கட்கிழமைக்குக் கட்டம் இல்லை.

ஆசிரியர் ஒரு பையனைக் காட்டினார்.
சுற்றுலா நாளில் மட்டும் காய்ச்சல் வருமாம்.
கோட்டை, கடற்கரை, ரயில் அருங்காட்சியகம்:
இந்த வருஷம் மூன்று காய்ச்சல்.
காலணி முனையைப் பார்த்தபடி எம்ரிஸ் சொன்னான்,
"முதலில் அம்மாவுக்குத்தான் வரும்,
பள்ளிக் கடிதத்தைப் படித்ததும்."

இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னபோது
பின்வரிசையில் ஒருவர் சிரித்தார்:
அளக்காதே, நெரிஸ்.
அதற்குத்தானே ஐயா எனக்குச் சம்பளம்.

மேலத்தெருவில் கோட்டுக்குக் கீழே நான்கு பிள்ளைகள்.
ஐந்துக்குக் குறைந்தால் எண்ணை வெளியிடக் கூடாது,
யார் யாரென்று ஊர் கண்டுபிடித்துவிடும்.
நல்ல விதிதான், நானே வாதாடியிருக்கிறேன்.
எண்ணை அழித்து, கட்டத்தில் ஓர் உடுக்குறி.
நான்கு பேருக்கும் சேர்த்து ஒன்று.

ஊருக்கு ஏற்கெனவே தெரியும்.
சலவைக்கடைக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும்,
அடுத்த வீட்டுச் சுவருக்கும் தெரியும்.
தெரியாதது கார்டிஃபுக்கு மட்டும்.
அங்கேதான் இந்த அறிக்கை போகிறது.

எம்ரிஸ் அந்த நால்வரில் இல்லை.
எம்ரிஸ் மெரெடித். இரண்டு பவுண்டு மேலே.
குறிக்குள்ளும் அவன் இல்லை.

வரும் செவ்வாய் மீன்காட்சியகம்,
பதினாலு பவுண்டு, மதிய உணவு தனி.
கடிதம் இன்று மாலை வீடு போகிறது,
அவன் பையில், கணக்கு நோட்டுக்கு அடியில்.
இதுவரை அவனுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.