சிக்கிக்கொண்ட கதவு

இரண்டாம் வருடம், நான்காம் பாகம்.
பதினேழாவது நிமிடத்துக்குச் சற்று முன்னால்
விண்கலத்தின் கதவு பாதியில் நின்றுவிடும்.
தானாகத் திறந்திருக்க வேண்டிய கதவு.
பலகைக்குப் பின்னால் கயிறு பிடித்திருந்தவன்
தும்மினானோ, கண்ணயர்ந்தானோ.
கேப்டன் வசனத்தை நிறுத்தவில்லை.
இன்னும் ஆறு நிமிடத்தில் இந்தச் சூரியன் அணைந்துவிடும்
என்று சொல்லிக்கொண்டே
இரண்டு விரலால் கதவை நெட்டித் தள்ளி
நடந்து போனார்.

நாற்பத்தோரு வருடமாக 'ஒன்பதாம் கரை' பார்க்கிறேன்.
கேட்பவர்களிடம் தத்துவம், மானுடம் என்று
எதையாவது சொல்லி வைப்பேன்.
உண்மையில் அந்த இரண்டு விரல்தான்.

அதில் வரும் கிரகங்கள் எல்லாமே
ரெக்ஸமிலிருந்து ஒன்பது மைல் தள்ளி இருக்கும்
ஒரே கல்குவாரி.
பச்சை விளக்குப் போட்டால் விஷ உலகம்.
ஊதா போட்டால் சொர்க்கம்.
மழை மட்டும் எந்தக் கிரகத்திலும்
வேல்ஸ் மழைதான்.
அறிவில் நம்மை மிஞ்சிய அந்த ஜீவராசிகள்
ரப்பர் காலுக்குள் தண்ணீர் புகுந்து
தொப் தொப்பென்று படையெடுத்து வரும்.
பயந்திருக்கிறேன்.
சத்தியமாகப் பயந்திருக்கிறேன்.

இட்வலுக்குத் தொடர் பிடிக்காது.
செய்தித்தாளை விரித்துத் தலையை மறைத்துக்கொள்வான்.
கதவு சிக்கிய அன்று மட்டும்
தாள் மெல்லத் தாழ்ந்தது.
"இந்த ஆள் பரவாயில்லை" என்றான்.
எங்கள் கல்யாண வாழ்க்கையில்
அவன் செய்த ஒரே விமரிசனம்.

கேப்டன்கள் சாவார்கள்.
அடுத்த வாரம் வேறொரு முகம்
அதே சாம்பல் அங்கியை மாட்டிக்கொண்டு
அதே நாற்காலியில் உட்காரும்.
மாலுமிகள் யாரும் திடுக்கிடுவதில்லை.
இட்வலின் மழைக்கோட்டு
எட்டு மாதம் கொக்கியிலேயே தொங்கியது.
பிறகு நானே போட்டுக்கொண்டேன்.
கை கொஞ்சம் நீளம்.

டெலித்தும் நானும்
ஐந்தாம் கேப்டன் விஷயமாகப்
பதினோரு மாதம் பேசாமல் இருந்தோம்.
அவளுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு
லீக் சூப் கொண்டு போனேன்.
ஊன்றுகோலோடு வந்து திறந்தவள்
பாத்திரத்தை வாங்கிக்கொண்டு சொன்னாள்:
"ஆனாலும் நீ சொன்னது தப்பு."

போன மாதம்
பழைய பாகங்களைத் துடைத்து மெருகேற்றி
மறுபடி வெளியிட்டார்கள்.
ஆசையாகப் போட்டுப் பார்த்தேன்.
பதினேழாவது நிமிடம்.
கதவு வழுக்கிக்கொண்டு திறக்கிறது,
பூனை மூச்சுவிடுவதுபோல் ஒரு சத்தத்தோடு.
விரல்களைக் காணோம்.
கேப்டனின் தோள் மட்டும்
எதற்கென்று தெரியாமல் ஒரு கணம் முன்னே சாய்கிறது.

கடிதம் எழுதினேன், நான்கு பக்கம்.
அன்புள்ள ரசிகைக்கு என்று நன்றி வந்தது,
ஆறாம் கேப்டன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் படத்தோடு.

என்னிடம் பழைய வீடியோ கேசட் இருக்கிறது.
தொடக்கத்தில் மூன்று நிமிடம் ரக்பி;
அது இட்வல் செய்த பாவம்.
படம் நடுங்கும், நிறம் கசியும்.
விரல் இருக்கிறது.

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் எனக்கு இரவுப் பணி.
நேற்று மூன்று மணிக்கு
வார்டுப் போர்வைகள் குவிந்த வண்டியோடு வந்தபோது
தானியங்கிக் கதவு பாதியில் நின்றுவிட்டது.
புதுப் பையன் கெவின் பின்னால் வந்துகொண்டிருந்தான்.
தொண்ணூறு டிகிரிக்குக் குறைந்தால்
இரத்தக் கறை போகாது என்று
அவனுக்குச் சொல்லிக்கொண்டே
இரண்டு விரலால் தள்ளினேன்.
வாக்கியம் அறுபடவில்லை.

அவன் கவனிக்கவில்லை.
மறுபடி எடுக்கலாம் என்று
யாரும் சொல்லவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழாம் கேப்டன் வருகிறாள்.
டெலித் இப்போதே அவளை வெறுக்கிறாள்.
ஆறரைக்கே வந்துவிடு என்று சொல்லியிருக்கிறேன்.
பிஸ்கட் அவள் பொறுப்பு.