டம்மி அவுட்புட்

இரவு பதினொன்றேகால்.
லிங்கராஜபுரம், மூன்றாம் மாடி.
விடிந்ததும் கொடுத்தாக வேண்டும்
நாற்பத்திரண்டு நிமிடப் பேச்சை, எழுத்தாக.
நிமிடத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
பேசுகிறவர் முனிலட்சுமி,
பதினாறு வருடமாய் இந்த ஊர்த் தெருக்களைப் பெருக்குகிறவர்.

ஹெட்போனை மாட்டிப் பொத்தானைத் தட்டினால்
திரையில் அலைக்கோடு துள்ளிக்கொண்டு போகிறது,
காதில் ஒன்றுமில்லை.
ஒலி அமைப்பைத் திறந்தேன்.
ஸ்பீக்கர் இருந்த இடத்தில்
ஒரே ஒரு வரி: டம்மி அவுட்புட்.
மாப்பிள்ளை நாற்காலியில்
தலையணையை உட்கார வைத்த மாதிரி.

கீழே தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கிறது
தெருவையே எழுப்பி.
எதிர்வீட்டில் போர்வெல் மோட்டார்.
ஊருக்கெல்லாம் சத்தம் இருக்கிறது.

கறுப்புத் திரையில் கேட்டேன்:
எத்தனை சவுண்ட் கார்டு?
கார்டு எதுவும் இல்லை என்றது.
சரி, பலகையில் இருப்பவர்களை வரிசையாகச் சொல்.
சொன்னது, பதினேழு வரி.
பதினான்காவதில் இருந்தது ஒலிச்சில்லு,
பெயர், கம்பெனி, எண் எல்லாம் பிசகாமல்.
ஆள் உண்டு, கார்டு இல்லை.
இதை எங்கோ கேட்டிருக்கிறேன்.
கேஸ் ஏஜென்சி ஜன்னலில், போன மாதம்:
"நீவித்தீரா மேடம், சிஸ்டம்நல்லி தோரிஸ்தா இல்லா."

ம்யூட்டை எடுத்துப் பார்த்தேன்.
பல்ஸை நிறுத்தி எழுப்பினேன்.
பழைய கெர்னலில் ஏறினேன், அங்கும் ஊமை.
எஸ்.பி. ரோட்டில் இதை என் தலையில் கட்டிய ஷஃபியுல்லாவை
மனசுக்குள் நாலு வார்த்தை.
(அவர் அன்றே சொன்னார்,
விண்டோஸ் ஏத்திக்குங்க, எதுக்கு வம்பு.)

வேலை நிற்கக் கூடாதே.
அலைக்கோட்டைப் பார்த்தே குறிக்க ஆரம்பித்தேன்.
கொத்தாக முட்டினால் சிரிப்பு.
சீப்புப் பல்லாக வந்தால் இருமல்.
இருபத்தாறாம் நிமிடத்தில்
ஒரு கேள்வி முடிந்த பிறகு
பதினோரு நொடி
கோடு கிட்டத்தட்டத் தரையோடு படுத்திருந்தது.
(மௌனம்) என்று அடித்தேன்.
காது இல்லாமலே கேட்கிறேன் என்று கொஞ்சம் பெருமைகூட.

இரண்டரைக்கு கெர்னலின் குறிப்பேட்டைப் புரட்டினேன்.
எண்ணூறு வரி. சிவப்பில் ஒன்று:
ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை. பிழை, மைனஸ் இரண்டு.

கிடைக்கவில்லையென்றால்
எடுத்தது யார்?

ஏற்றியதையும் நீக்கியதையும்
தேதிவாரியாக எழுதிவைக்கும் கோப்பு ஒன்று உண்டு.
தாட்சண்யம் பார்க்காது.
நேற்று, மாலை ஆறு நாற்பது.
நீக்கியது: நான்.
டிஸ்க் நிரம்பிவிட்டது என்று
பேர் விளங்காத பொட்டலங்களையெல்லாம்
வழித்துக் கொட்டினேனே,
முனிலட்சுமியின் குரலுக்கு இடம் பண்ண.

ஷஃபியுல்லா, மன்னிக்கணும்.

போன் நெட்டில் இறக்கி, ஏற்றி,
அணைத்துப் போட்டேன்.
ஹெட்போனுக்குள் டொக்கென்று
ஒரு தாழ்ப்பாள் விலகியது.

முதலில் போனது இருபத்தாறாம் நிமிடத்துக்குத்தான்.
கேட்கிறார்கள்:
"கான்ட்ராக்டர் அந்த ஏழு மாசச் சம்பளத்தைக் கொடுத்தாரா?"
அப்புறம் அந்தப் பதினோரு நொடி.

சரக். சரக்.
விளக்குமாறு சிமென்ட்டில் இழைகிறது.
பேட்டியின்போதும் பெருக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.
ஆறு இழுப்பு. ஒரு நிறுத்தம்.
மைக்கை விட்டு எட்டத்தில், யாரிடமோ போல,
"எங்க குடுத்தான்."

(மௌனம்) அழித்தேன்.
விளக்குமாறை எப்படி எழுதுவது என்று தெரியாமல்
சரக் என்று ஆறு முறை அடித்தேன்,
வாடிக்கையாளர் வெட்டிவிடுவார் என்று தெரிந்தும்.
பதினோரு நொடிக்குக் கூலி
மூன்று ரூபாய் முப்பது காசு.

இனி முதலிலிருந்து வர வேண்டும்.
நான் சிரிப்பு என்று குறித்த முதல் இடத்தில்
ஒரு நாய் குரைக்கிறது.