அனுப்புநர், பெறுநர்

அனுப்புநர் முகவரியை எழுதி முடித்து
பெறுநர் முகவரி தொடங்கும்போதுதான் உறைத்தது.
அதே புளோக், அதே ஒன்பதாம் மாடி,
அதே ஈசூன் அஞ்சல் எண்.
நடுவே ஒரு பிளைவுட் கதவு.

கையில் கொடுத்தால் போதாது என்றார் முகவர்.
கொடுத்ததற்குச் சான்று வேண்டுமாம்.
பதிவுத் தபால் என்றால்
பின்னால் பேச்சுக்கு இடமில்லை.
இரண்டு மாத அவகாசம்.
காரணம் எழுத வேண்டியதில்லை,
எழுதாமலிருப்பது நல்லது.

நல்லதுதான்.

மூன்று தாள் கிழித்தேன்.
ஒன்றில் ‘அன்புள்ள’ என்று ஆரம்பித்துவிட்டேன்.
ஒன்றில் அவள் வறுக்கும் கருவாடு வந்துவிட்டது,
நான் ஒருநாளும் சொல்லாத புகார்.
காரணம் இல்லாத இடத்தில்
பொய் தானே நாற்காலி இழுத்துப்போட்டு உட்காருகிறது.

மாரிவிக் என்னை ‘ஆத்தே’ என்பாள்.
அவள் ஊரில் அக்காவுக்கு அந்தச் சொல்.
முதல் வாரம் முழுக்க
எதையோ பார்த்துப் பதறுகிறாள் என்று
ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் நின்றேன்.
நாலு வருஷம். வாடகை ஒருநாள் பிந்தியதில்லை.
கோவிட்டில் நான் படுத்தபோது
வாசலில் கஞ்சியை வைத்து
முழங்கையால் கதவைத் தட்டிவிட்டுப் போவாள்.

தம்பி வருகிறான் என்று எழுதலாம்.
சாங்கியிலிருந்து வருகிறான் என்றும் எழுதலாம்,
பொய்யில்லை.
விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்பாள்.
அழைத்துவர நானும் வருகிறேன் என்பாள், அவள் அப்படித்தான்.
சாங்கிக்கு இன்னொரு வாசல் உண்டு என்பதை
இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு
விளக்க வேண்டியதில்லை.
பதினோரு வருஷத்தை அவளிடம்
எந்த மொழியில் சொல்ல?

வியாழக்கிழமை நான் வேலையில் இருந்தேன்.
இரவுப் பணி முடித்துத் தூங்கியவளை
தபால்காரர் மணியடித்து எழுப்பியிருக்கிறார்.
கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாள்.

சாப்பாட்டு மேசையில்
வீவக கடிதத்துக்கும் மின்கட்டண ரசீதுக்கும் மேலே
அந்த உறை. பிரிக்கவில்லை.
மின்விசிறிக்குப் பறக்காமலிருக்க
என் ஊறுகாய் பாட்டிலைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

உறையில் இரண்டு பெயர்கள் இருந்தன.
தூக்கக் கலக்கத்தில்
எதைப் படித்தாள் என்று தெரியவில்லை.

சட்டப்படி கிடைத்துவிட்டது.
இன்றிலிருந்து நாள் எண்ணலாம்.

அவள் அறையில் விளக்கு எரிகிறது.
“ஆத்தே, சாப்பிட்டாச்சா?” என்று கேட்டபடி வருவாள்,
அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்.
கைப்பையைக்கூட இறக்காமல்
நிற்கிறேன்.