மற்றவை

ஒன்பது மணிக்குத் தொடர் தொடங்கியபோது
நான் தொலைபேசிப் பலகையின் முன்னால் இருந்தேன்.
தாம்பெரேயில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
ஜன்னலின் உட்பக்கமும் உறைந்திருந்தது.

வியாழக்கிழமைகளில் நான்கு அழைப்பு வரும், மிஞ்சினால் ஐந்து.
நர்சின் தொப்பி சரியில்லை.
அந்த டாக்டருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?
வானிலையை ஏன் தள்ளிப்போட்டீர்கள்?
படிவத்தில் கட்டங்களும் நான்குதான்:
பாராட்டு, புகார், கேள்வி, மற்றவை.
ஒரு கோடு இழுத்துவிட்டு
பின்னல் ஊசியைத் திரும்ப எடுத்துக்கொள்வேன்.

ஒன்பது நாற்பத்தேழுக்கு
பலகையின் விளக்குகள் அத்தனையும் எரிந்தன.

முதலில் வந்த பெண்குரல் வணக்கம்கூடச் சொல்லவில்லை.
"குழந்தையாவது?"
எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை.
கேள்வி. ஒரு கோடு.

அழைத்தவர்கள் சொல்லித்தான் கதை என்னிடம் வந்தது,
வாலிலிருந்து தலைக்கு.
முதலில் ரத்தம்.
பிறகு, வாசலில் ஆரஞ்சுப் பையோடு நின்ற கணவன்.
பிறகு நடைவழியில் ஓடிய கால்கள்.
பிறகு, ஒன்றுமில்லை போங்கள் என்று
மாத்திரை கொடுத்தனுப்பப்பட்ட தலைவலி.
எல்லாவற்றுக்கும் கடைசியில்
ஹெல்மி ஆஸ்பத்திரிப் படியேறினாள்.

ரவுமாவிலிருந்து லெம்பி வுவோரெலா,
முப்பத்தாறு வருஷம் மருத்துவச்சி.
"கண்ணில் பூச்சி பறக்கிறது என்றாளே,
கால் வீக்கத்தை அந்தப் பையன்
விரலால் அழுத்திக்கூடப் பார்க்கவில்லையே,
முதலில் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள் அவனை."
இலையுதிர்காலத்திலேயே எடுத்து முடித்த படம் அம்மா, என்றேன்.
"இருக்கட்டும். நீங்கள் சொல்லுங்கள்."

ஒருவர், சாப்பாட்டு வேளையில் இதையா காட்டுவது என்றார்.
பெயர் கேட்டதும் வைத்துவிட்டார்.

கெமியிலிருந்து ஒருத்தி. எட்டு மாதம்.
பயந்துபோய்ப் பாதியில் அணைத்துவிட்டாளாம்.
அணைத்ததிலிருந்து
ஹெல்மி இருட்டுக்குள் இன்னும் முக்கிக்கொண்டே இருக்கிறாளாம்.
"எப்படியாவது முடித்துவையுங்கள்."
தாய் வேறு சேய் வேறு ஆயிற்று என்றேன்.
அப்பாடா என்று மூச்சுவிட்டாள்.
அது பொய்யும் இல்லை.
அவ்வளவு வேறாக ஆகவேண்டுமென்று
யாரும் கேட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

குஹ்மோவிலிருந்து மரலாரி ஓட்டுகிறவர்.
நான்கு நிமிஷம் குளிர்பெட்டியின் உறுமல் மட்டும் கேட்டது.
வைத்துவிடலாமா என்று நினைத்தேன், வைக்கவில்லை.
"அவளுடைய பனிக்காலணியைக்
காகிதப் பையில் போட்டுக் கையில் கொடுத்தார்கள்,
அறுபத்தொன்றில்.
நீங்கள் அதைக் காட்டவில்லை."
பாராட்டா புகாரா என்று கேட்கவேண்டும், விதி.
"பிறந்தநாளை ஏன் கொண்டாடுவதில்லை என்று
மகள் வருஷாவருஷம் கேட்பாள்.
இன்றைக்கு ஒன்றும் கேட்காமல்
என் தட்டையும் எடுத்துப்போய்க் கழுவினாள்."
குளிர்பெட்டி நின்றது. அவரும்.

பன்னிரண்டு அடித்தபின் ஒரு கிழட்டுக் குரல், மிகுந்த மரியாதையோடு.
"ஹெல்மியாக நடித்தவளின் அம்மா பேசுகிறேன்.
ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில்தான் உருளைக்கிழங்கு சாப்பிட்டாள்,
இரண்டாம் தடவை வெண்ணெய் கேட்டு வாங்கினாள்.
எனக்குத் தெரியும் அம்மா. தெரியும்.
ஆனால் இப்போது போனை எடுக்கமாட்டேன் என்கிறாள்.
தூங்கியிருப்பாள்.
யாராவது ஒருவர் வாயால் சொன்னால் போதும்."
சொன்னேன்.
"இன்னொரு தடவை."
சொன்னேன்.

காலையில் மேலாளர் தவுனோ படிவத்தை விளக்கடியில் பிடித்தார்.
பாராட்டு ஒன்பது. புகார் முப்பத்தொன்று.
மற்றவைக் கட்டத்தில் இடம் போதாமல்
கோடுகள் தாளின் பின்பக்கம் போயிருந்தன.
"மற்றவை என்றால் என்ன?" என்றார்.
கோட்டு மாட்டிக்கொண்டிருந்தேன்.
பொத்தான் ஒன்றும் கையில் அகப்படவில்லை.

சனிக்கிழமை மறுஒளிபரப்பு. எனக்கு விடுமுறை.
பெட்டியைப் போடவில்லை.
எனக்குச் சொல்லப்பட்ட கதையில்
கடைசிக் காட்சி அந்தப் படிகள்தான்.
புதுப்பனி. கையில் பெட்டி.
ஒரு கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தபடி
ஏறிக்கொண்டிருக்கிறாள்,
யாரோ சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டு.