முதல் பல் வந்த வாரம்

போகுமில் தீர்ப்பை மாற்றுவதே இல்லை:
"பிக் எடு. நீ விரலால் வாசித்தால்
என் டிரம்முக்குப் பின்னால்
யாரோ சோபா நகர்த்துவது போலிருக்கிறது."

பதினாறு வருடமாய் விரல்தான்.
ஆள்காட்டி, நடு, ஆள்காட்டி, நடு:
அவசரமில்லாமல் படியேறும் இரண்டு கால்கள்.
தடித்த கம்பியைச் சதை அழுத்தி
விட்டு விலகும் இடைவெளியில்
சுரம் பிறக்குமுன்
ஒரு சின்ன மூச்சு கேட்கும்.
பிக்குக்கு அந்த மூச்சு கிடையாது.
கதவைத் தட்டாமலே உள்ளே வந்து
விளக்கைப் போட்டுவிடும்.

நானும் போகுமிலும்
நகமும் சதையுமாய் இருந்தவர்கள்.
இப்போது சண்டையே அதில்தான்:
நகமா, சதையா.

இவோனா இரவு ட்ராம் ஓட்டுகிறாள்.
வூச் நகரத்தின் இந்தக் கட்டடத்தில்
நான்காவது மாடிச் சுவர்கள் வெறும் அட்டை.
ஆம்ப்ளிஃபையர் கூடாது.
பேஸ் கிட்டாரின் தலையைத்
துணி அலமாரியில் சாய்த்து வாசிக்கிறேன்.
அலமாரி பாடும்;
உள்ளே அவளுடைய சீருடை மாட்டிய ஹேங்கர்கள்
மெல்ல முனகும்.
பிக் என்றால் டிக் டிக் டிக்;
மூன்றாவது டிக்கில் யக்னா கண் திறப்பாள்.
விரல் என்றால் தூங்குவாள்.
இதை போகுமிலிடம் எப்படிச் சொல்ல?
அவனிடம் இருப்பது ஒரு நாய்,
அதற்கும் காது கேட்காது.

புதன் இரவு அவள் தூங்கவில்லை.
குளிர்ந்த கரண்டியைத் தள்ளினாள்,
காரட்டைத் தரையில் எறிந்தாள்,
என் ஆள்காட்டி விரலைப் பிடித்து
வாய்க்குள் வைத்துக்கொண்டாள்.
கம்பி உரசி உரசிக் காய்த்துப்போன இடத்தை
ஈறு தேடிக் கண்டுபிடித்தது.
கடித்தாள். வலிக்கவில்லை.
கல்லைக் கடித்துச் சலித்தவள் போல
கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தாள்,
காய்க்காத சதைக்கு.
பச்சரிசி முனை அளவுக்கு ஏதோ ஒன்று
சுருக்கென்று உள்ளே போனது.
ரத்தம் என்னுடையது.
சிரிப்பு அவளுடையது.

சனிக்கிழமை ரெக்கார்டிங்.
பழைய பஞ்சாலையின் நிலவறை,
மணிக்கு இவ்வளவு என்று வாடகை.
பிளாஸ்டர் ஒட்டிய விரலோடு வாசித்தேன்.
"ஈரக் காலுறை போலிருக்கிறது," என்றாள் லூசினா
கண்ணாடிக்கு அந்தப்பக்கம்.
போகுமில் ஒன்றும் பேசாமல்
சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினான்.
தேன் நிற பிக். ஒரு முனை தேய்ந்திருந்தது.
"நீ எதற்கு இதை..."
"லாட்டரிச் சீட்டு சுரண்ட."

வாசித்தேன்.
சொல்ல மனமில்லை, ஆனாலும் சொல்கிறேன்:
நன்றாக இருந்தது.
பாட்டின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்
எழுந்து வந்து மேசையில் ஓங்கி அடித்தது போல.
வெட்கமே இல்லை.
போகுமிலின் முகத்தை நான் பார்க்கவில்லை.

மூன்றாவது சரணத்தில் குரல் தணியும்.
எதிர்வீட்டு ஜன்னலை மூடச் சொல்லும் வரி.
அங்கே என் கை என்னைக் கேட்கவில்லை.
பிக்கை நழுவவிட்டது.
நடுவிரல் மட்டும், ஒற்றைக் காலில்,
நொண்டி நொண்டிப் படியேறியது.

திரும்பப் போட்டுக் கேட்டோம்.
குரலுக்கும் பேஸுக்கும் நடுவில்
சிமெண்ட் தரையில் பிக் விழும் ஒலி.
துல்லியமாய். கொஞ்சம் தாளம் தப்பி.
"அழித்துவிடவா?" லூசினா கேட்டாள்.
போகுமில் குச்சியால் முதுகு சொறிந்தான்.
"இன்னொரு முறை போடு," என்றான்.
பிறகு, "இன்னொரு முறை."

வயர்களுக்கு அடியில் தேடினேன்,
பிக் அகப்படவில்லை.
இப்போதெல்லாம் அவன்
நாணயத்தால்தான் சுரண்டுகிறான்.
இதுவரை விழுந்தது
ஒரு காபிக்கான காசு.

இரவு. அலமாரி. நடுவிரல்.
ஹேங்கர்கள் முனகத் தொடங்கியதும்
தொட்டிலின் மரச்சட்டத்தில்
யக்னா பல்லை வைத்துப் பார்க்கிறாள்:
டிக்.
டிக்.
எனக்கு அரை மாத்திரை பின்னால்.