பத்தும் பதின்மூன்றும்

புதன்கிழமை வடகடல்
தாம்பாளத்தில் ஊற்றிய எண்ணெய்போலக் கிடந்தது.
என் திரையில் மூன்று மீட்டர் அலை.

மண்டபம் துறையில் டோக்கன் கொடுக்கவில்லை.
ஐஸ் ஏற்றிய விசைப்படகுகள்
ஏற்றியதை உருகவிட்டு ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.
தஸ்நேவிஸ் அலுவலக வாசல்வரை வந்தார்.
"எங்கம்மா ஒன் அலை? காட்டு,
பிள்ளைகளக் கூட்டியாந்து காட்டணும்."

மிதவை பொய் சொல்லவில்லை.
நாலு பாகத் தண்ணீரில் நங்கூரத்தோடு ஆடிக்கொண்டு
ஒவ்வோர் ஏற்றத்தையும் மில்லிமீட்டரில் அளந்து
இரண்டிரண்டு பைட்டாக அனுப்புகிறது.
சின்னது முன்னே, பெரியது பின்னே.
கமா இல்லை, இடைவெளி இல்லை,
இங்கே ஓர் அலை முடிந்தது என்று சொல்ல
ஒரு புள்ளிகூட இல்லை.
கடலுக்குள் ஓடும் நீரை இங்கே நீவாடு என்பார்கள்.
நான் கோப்புக்குள் விடுவதும் நீவாடுதான்.
எண்ணிக்கை தவறாதவரை எல்லாம் புரியும்.
ஒன்று கூடிவிட்டால்
அதற்குப் பிறகு வருவதெல்லாம் வேறு கடல்.

அன்று ஓர் அலை பத்து மில்லிமீட்டர். அடுத்தது பன்னிரண்டு.
நான் எழுதச் சொன்னது
பத்து, சுழியம், பன்னிரண்டு, சுழியம்.
கோப்பில் இருந்தது
பதின்மூன்று, பத்து, சுழியம், பன்னிரண்டு, சுழியம்.

அந்தப் பதின்மூன்றைக் கடல் தரவில்லை.

திங்கள் இரவு கணினியை மாற்றினார்கள்.
புதியது கொஞ்சம் அதிகம் படித்தது.
பத்தைப் பார்த்ததும், ஓ, வரி முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறது.
வரி முடிந்தால் தட்டச்சுப்பொறியின் உருளையை
மறுகோடிக்குத் தள்ள வேண்டாமா?
தள்ளுவதற்கு ஒரு பதின்மூன்றைத் தானே சேர்த்துவிடுகிறது.
தட்டச்சுப்பொறியை நான் பார்த்தது
ராமநாதபுரம் கோர்ட் வாசலில், ஒரே ஒரு தடவை.

ஓரிடம் தள்ளிப்போனதும்
சுழியத்துக்கும் பன்னிரண்டுக்கும் ஜோடி விழுந்தது.
பன்னிரண்டு பெரிய இடத்தில் போய் உட்கார்ந்தது.
பன்னிரண்டு தடவை இருநூற்று ஐம்பத்தாறு,
மூவாயிரத்து எழுபத்திரண்டு.
மூன்று மீட்டர். சிவப்புக் கொடி.

கோப்பைத் திறக்கும் வரியில் ஓர் எழுத்தை விட்டிருந்தேன்.
'பி'.
இவை எழுத்துகள் அல்ல, தொடாதே என்று சொல்கிற எழுத்து.
சேர்த்தேன். ஒரு நொடி ஆனது.

பழைய கோப்பைச் சரிசெய்யத்தான் ராத்திரி போனது.
ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் ஒரு பதின்மூன்றை எடுக்க வேண்டும், எளிது.
எங்கிருந்து?
பழைய கணினி விட்ட இடத்திலேயே புதியது தொடர்ந்திருந்தது.
தையல் தெரியவில்லை.
வாடை அடங்குமுன் கடைசியாகத் துள்ளிய கடல் அது.
அதில் நான்கு பைட் மட்டும் இரண்டு பக்கமும் சாய்ந்தன:
பதின்மூன்று, பத்து, பதின்மூன்று, பத்து.
பழையது எழுதியதென்றால் இரண்டு அலைகள்,
இரண்டும் 2573, ஒரே அச்சில் வார்த்த மாதிரி.
புதியது எழுதியதென்றால்
பத்தும் பத்தும் சேர்ந்த ஒரே அலை, 2570.

தஸ்நேவிஸுக்கு ஃபோன் போட்டேன்.
திங்கள் ராத்திரி கடலில்தானே இருந்தீர்கள்,
ரெண்டே முக்கால் வாக்கில் பெரிசாக ஏதாவது?
எதிர்ப்பக்கம் இஞ்சின் சத்தம் மட்டும்.
"வந்துச்சு. சோத்துச் சட்டி கவுந்துபோச்சு."
ஒன்றா, இரண்டா?
"ஏம்மா மைமூனு,
சட்டி ஒரு தடவதானே கவுரும்."

மறுநாள் மீன்துறை அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன்.
புதன்கிழமை அலை என்னுடையது,
படகுகள் நின்றதற்குக் கடல் பொறுப்பில்லை.
ஆறே வரி.
ஒவ்வொரு வரி முடிவிலும்
கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பதின்மூன்றும் ஒரு பத்தும்
போய் உட்கார்ந்திருக்கும்.
அங்கே அவை இருக்கலாம்.

அந்த நான்கு பைட்டை
இன்னும் தொடவில்லை.